டாக்டர் ஓஷானஸி

கஞ்சா என்னும் சொல்லைக் கேட்டமாத்திரத்தில் நல்லோர் முகஞ்சுளிப்பர். அது நியாயமே. அப்பூண்டின் புகையால் அறிவிழந்து, குடியிழந்து, தெருவிற் கிடந்தோர் பலர். ஆயினும், உலகத்தார் இழிவென்று ஒதுக்கிய ஒரு பொருளை விருப்பும் வெறுப்புமின்றி ஆராய்ந்து, அதன்கண் உள்ள நன்மை இது, தீமை இது என்று அளவிட்டுரைப்பது அறிஞர் கடமையாகும். அக்கடமையை நூறாண்டுகளுக்கும் மிகமுன்னரே நம் இந்தியநாட்டில் ஓர் ஐரிஷ்காரர் ஆற்றினர். கஞ்சாவினின்று சாராயத்தின் வாயிலாகச் சத்தெடுத்து, அதனை முறையாகச் சோதித்து மேனாட்டு வைத்தியத்திற் புகுத்திய வில்லியம் புரூக் ஓஷானஸி என்பவரே அவர். தந்தி மரத்தை இந்நாட்டில் முதன்முதல் நாட்டியவரும் அவரே. அவர் சரிதத்தைச் சுருங்கச் சொல்லுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓஷானஸி 1809-ஆம் ஆண்டில் அயர்லாந்து தேசத்து லிமெரிக் நகரிற் பிறந்தார். சிலகாலம் டப்ளினிற் பயின்றபின் ஸ்காட்லாந்து சென்று, எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்தியமும் இரசாயனமும் கற்று, 1829-இல் வைத்தியப் பட்டம் பெற்றார். விஷங்களைப்பற்றிய சாஸ்திரத்தில் அக்காலத்து எடின்பரோ பெரும்புகழ் வாய்ந்திருந்தது. அங்கே பெற்ற பயிற்சியே அவர் வாழ்நாள் முழுவதற்கும் கைவிளக்காயிற்று. ஒரு பொருளைக் கண்டால், அது யாது, அதில் எதெது எவ்வளவு கலந்துள்ளது, உடலுட் சென்றால் என்ன செய்யும் என்று வினவும் வழக்கம் அவருக்கு இயற்கையாகிவிட்டது.

பட்டம் பெற்று இலண்டன் சேர்ந்த இளைஞருக்கு அந்நகரில் வைத்தியத்தொழில் செய்ய அனுமதி கிடைத்திலது. மனமுடைந்து வாளாவிருக்கும் இயல்பினர் அவரல்லர். ஒரு சோதனைச்சாலை அமைத்துக்கொண்டு, இரத்தமும் விஷமும் உணவும் ஆராயத் தொடங்கினார். சிறுவர் தின்னும் மிட்டாய்களுக்கு நிறமூட்டுவதற்காக ஈயம், செம்பு, இரசம் முதலியவற்றாலாகிய நச்சுச் சாயங்கள் கலக்கப்படுவதைக் கண்டறிந்து பத்திரிகையில் வெளியிட்டார். குழந்தைகளின்மாட்டு அவருக்கிருந்த இவ்வக்கறை பின்னும் ஒருமுறை வெளிப்படும்; அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

1831-ஆம் ஆண்டின் இறுதியில் விஷபேதி இங்கிலாந்தின் வடகரையிற் புகுந்தது. சந்தர்லாந்து, நியூகாசில் முதலிய ஊர்களில் மக்கள் உடல் நீலம் பாய்ந்து, மணிக்கணக்கில் மடிந்தனர். வைத்தியர்களோ, வற்றிய உடலினின்று மேலும் இரத்தத்தை வடித்துவந்தனர். இருபத்திரண்டே வயதினரான ஓஷானஸி ஆண்டுச் சென்று, நோயாளரின் இரத்தத்தை எடுத்துச் சோதித்தார். அதினின்று நீரும் உப்புக்களும் பெரிதும் நீங்கியிருப்பதையும், நீங்கியவை பேதியிற் கழிந்தவற்றுட் கிடப்பதையும் கண்டார். ஆதலின், இழந்த நீரையும் உப்பையும் இரத்தக் குழாயின் வழியே திரும்பச் செலுத்துதலே தக்கதென எழுதினார். அவ்வெழுத்தைப் படித்த தாமஸ் லாட்டா என்னும் வைத்தியர் 1832-ஆம் ஆண்டு மே மாதத்தில் லீத் நகரில் அம்முறையைக் கையாண்டு, சாகுந் தறுவாயிலிருந்த சிலரைப் பிழைப்பித்தார். பின்னர் அம்முறை நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெனார்ட் ராஜர்ஸ் என்பவர் கல்கத்தாவில் அதனை மீட்டுத் திருத்தி, விஷபேதி மரணங்களை மிகக் குறைத்தார். இன்று ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் கையில் உப்புநீர் ஏற்றப்படுவதைக் காணும்போதெல்லாம், இவ்விளைஞரை நினைத்தல் தகும்.

1833-ஆம் ஆண்டில் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி வைத்தியராய்க் கல்கத்தாவுக்கு வந்தார். ஈராண்டு கழித்து, 1835-இல் கல்கத்தா வைத்தியக் கலாசாலை நிறுவப்பட்டது. சாதிபேதமின்றி இந்திய இளைஞருக்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பிக்க எழுந்த அக்கலாசாலையில் இரசாயனமும் மருந்துச் சரக்கியலும் போதிக்கும் ஆசிரியராக ஓஷானஸி அமர்ந்தார். தம் மாணாக்கருக்கென இரசாயன நூலொன்றை எழுதி 1837-இல் அச்சிடுவித்தார். கப்பலேறி வரும் விலையுயர்ந்த சீமை மருந்துகளையே நம்பியிராமல், இந்நாட்டுக் கடைவீதியிற் கிடைக்கும் மூலிகைகளையும் வேர்களையும் ஆராய்ந்து, பயனுள்ளவற்றை ஏழைகளுக்கு எட்டும்படி செய்யவேண்டும் என்பது அவர் கருத்து. இவ்வாராய்ச்சியினிடையே அவர் கண்ணைக் கவர்ந்தது கஞ்சாப் பூண்டு.

அப்பூண்டு வங்காளத்தில் எவருக்கும் புதியதன்று. அதன் இலை பாங்கு அல்லது சித்தி எனவும், பூத்த நுனிகள் கஞ்சா எனவும், அவற்றிற் கசியும் பிசின் சரஸ் எனவும் வழங்கின. தோலாடை உடுத்தவர் கஞ்சாத் தோட்டத்தினூடே செடிகளில் உரசி ஓட, ஆடையில் ஒட்டிய பிசினை வழித்தெடுப்பதும் ஒரு முறை. நெய், பால், சர்க்கரை சேர்த்து மாஜூன் என்னும் இலேகியமும் செய்துவந்தனர். மேனாட்டு வைத்தியர் பலர் இவற்றையெல்லாம் வெறியூட்டும் சரக்கென்று தள்ளியிருக்க, ஓஷானஸி வேறு வழியிற் சென்றார். முதலில் அறிந்தோரை வினவினார். மதுசூதன குப்தர் போன்ற சமஸ்கிருத வைத்திய பண்டிதர்களையும், பாரசீக மொழி வல்ல ஹக்கீம்களையும் அணுகி, பழைய நூல்கள் இப்பூண்டைக் குறித்து என்ன கூறுகின்றன என்பதைக் கேட்டறிந்து, அவர்கள் பெயரையும் மறைக்காது எழுதினார். பிறர் அறிவைத் தம்மறிவாகக் காட்டிக்கொள்ளாமை அவரிடத்து நாம் காணும் முதற்பண்பு.

இனி, அவர் சத்தெடுத்த முறையைக் கூறுவோம். கஞ்சாவின் வன்மை அதன் பிசினில் உள்ளது. அப்பிசின் நீரிற் கரையாது. கொழுப்பிலும் சாராயத்திலும் கரையும். நம் நாட்டார் அதனை நெய்யுடன் காய்ச்சியதன் காரணமும் இதுவே. ஓஷானஸி, பிசுபிசுப்புள்ள உலர்ந்த பூநுனிகளை வீரியமிக்க சாராயத்தில் இட்டுக் கொதிப்பித்து, பிசின் முழுவதும் கரைந்தபின் வடித்து, சாராயம் ஆவியாய்ப் போகுமளவும் கொதிநீர்ப் பாத்திரத்தின்மீது வைத்து வற்றச்செய்தார். எஞ்சிய சத்து, இளஞ்சூட்டில் இளகி, மாத்திரையாக உருட்டத்தக்கதாயிருந்தது. அச்சத்தில் மூன்று கிரெயினை ஒரு டிராம் சாராயத்திற் கரைத்ததே அவருடைய டிங்சர். ஒரு துளியில் ஒரு கிரெயினின் இருபதிலொரு பங்கு சத்து இருக்கும் என்று இதனாற் கணக்கிடலாயிற்று. கைப்பிடி, சிட்டிகை என்று வழங்கிவந்த பொருள் இவ்வாறு துளிக்கணக்கிற்கு வந்தது. அளவின்றி மருந்தில்லை என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

மருந்தை நோயாளிக்குக் கொடுக்குமுன் அவர் விலங்குகளிடத்துச் சோதித்தார். நாய், பூனை, பன்றி, கழுகு, காகம், மீன் ஆகியவை மயங்கின. குதிரை, மான், ஆடு, பசு முதலிய தழையுண்பனவற்றுக்கோ பெரிதாக ஒன்றும் நேரவில்லை. உயிருக்கு இறுதி செய்யும் விஷம் இதுவன்று என்று தெளிந்தபின்னரே மக்களிடத்துப் புகுந்தார். அவருடைய மாணாக்கரிற் சிலர் தாமே முன்வந்து சிறிதளவு உட்கொண்டனர். நாடித்துடிப்பை வேறிருவர் குறித்துவந்தனர். அவர்களுள் அடக்கமும் கூச்சமும் உடைய ஓர் இளைஞர் பத்துத் துளி அருந்தினார். இருபது நிமிஷத்திற்குள் அவர் தம்மை ஓர் இராஜாவாகப் பாவித்து, எதிரிலிருந்தோரை மந்திரிகளாக எண்ணிக் கட்டளையிடவும், ஆரவாரத்தோடு பிரசங்கிக்கவும் தொடங்கினார். அரசாட்சி ஏறக்குறைய மூன்று மணிநேரம் நடந்தது. அதன்பின் அவர் பழையபடி கூச்சமுள்ள மாணாக்கராயினார். இந்நிகழ்ச்சி நகைப்பிற்கிடமாயினும், ஆசிரியர் அதனை நகைப்போடு விட்டாரல்லர். துளி இத்தனை, நேரம் இத்தனை, விளைவு இன்னது என்று எழுதிவைத்தார்.

பின்னர்க் கீல்வாதத்தால் வருந்திய மூவருக்கு ஒவ்வொரு கிரெயின் சத்துக் கொடுக்கப்பட்டது. பிற்பகல் இரண்டு மணிக்கு உட்கொண்ட ஒருவர் மாலையிற் பாடி, பேசி, உறங்கி, இரவு எட்டு மணிக்கு நினைவற்றுக் கிடந்தார். கையைத் தூக்கி நிறுத்தினால் அது நின்றபடியே நின்றது. காலை மடக்கினால் மடக்கியபடியே கிடந்தது. வைத்தியசாலை முழுவதும் அஞ்சியது. காலையில் அவர் நலமாக எழுந்தார். மூட்டு நோவும் பெரிதும் தணிந்திருந்தது. எனினும், தாம் எதிர்பாராத அவ்விளைவை ஓஷானஸி மறைக்கவில்லை. அதன்பின் அளவைக் குறைத்தே கொடுத்தார்.

அக்காலத்தில் தனுர்வாதம் கண்டவர் பிழைத்தல் அரிது. தாடை இறுகி, முதுகு வில்லென வளைந்து, அங்கமெல்லாம் விறைத்து மாள்வர். 1838-ஆம் ஆண்டின் இறுதியில் கலாசாலை ஆஸ்பத்திரியில் அந்நோய் கண்ட ஒருவருக்குக் கஞ்சாச் சத்துக் கொடுக்கப்பட்டது. இசிவு தணிந்தது; வாய் திறந்து உணவு கொண்டார். ஆனால், முன்னமே புண்பட்டிருந்த கை அழுகத் தொடங்கியது. கையை வெட்டியெடுக்க அவர் இசையவில்லை. வலியொடுங்கியும் உயிர் நில்லாது மரித்தார். வேறு சிலரோ பிழைத்தெழுந்தனர். ஓஷானஸி இருவகையையும் ஒருங்கே எழுதினார். பிழைத்தோரை மட்டும் எண்ணிப் புகழ்தேடும் வழக்கம் அவரிடம் இல்லை.

வெறிநாய்க் கடியால் ஜலபயங்கொண்ட ஒரு ஹக்கீமின் சரித்திரம் நெஞ்சை உருக்குவதாகும். நீரென்ற சொல்லைக் கேட்பினும் தொண்டை இசிந்து துடித்தார் அவர். கஞ்சாச் சத்தை மணிக்கொருதரம் கொடுத்தபின் அத்துடிப்பு அடங்கியது. நாரத்தம்பழத்தின் இனமான கிச்சிலிப்பழத்தின் சாற்றை உறிஞ்சினார். சிறிது சோறும் விழுங்கினார். நோய் நீங்கவில்லை, சில நாளில் இறந்தார். ஆயினும், அலறித் துடித்துச் சாகவேண்டியவர் அமைதியோடு சென்றார். குணப்படுத்த முடியாத இடத்தும் வைத்தியனுக்கு ஒரு கடமை எஞ்சியிருக்கின்றது. அது நோயாளியின் துன்பத்தைத் தணித்தல். இதனை அந்நாளிலேயே ஓஷானஸி உணர்ந்திருந்தார்.

இனிக் குழந்தையின் வரலாறு. பிறந்து நாற்பது நாளேயான ஒரு பெண்குழந்தைக்கு வலிப்புக் கண்டது. பேதிமருந்து, வெந்நீர்க் குளிப்பு, அட்டை கடிப்பித்தல், அபின் என அக்காலத்து முறைகளெல்லாம் கையாண்டும் பயனில்லை. இடைவிடாத வலிப்பால் குழந்தை பாலுண்ணவும் இயலாது வாடிற்று. ஓஷானஸி தாம் செய்த சோதனைகளைப் பெற்றோரிடம் உள்ளபடி கூறினார். அவர்கள் இசைந்தபின், இரவு பத்து மணிக்கு டிங்சரில் ஒரே துளியை அதன் நாவில் இட்டார். மாறுதல் காணவில்லை. ஒன்றரை மணி கழித்து இன்னும் இரண்டு துளி இடப்பட்டது. சில நிமிஷத்தில் குழந்தை உறங்கிற்று. பின் விழித்து, பசித்து அழுது, தாயிடம் பாலுண்டு மீண்டும் உறங்கிற்று. நான்கு நாள் வலிப்பில்லை. அதன்பின் நோய் திரும்பவே, அளவைப் படிப்படியாக உயர்த்த நேர்ந்தது. அவ்வாறு செய்ய எத்துணை மனத்திண்மை வேண்டும் என்பதை வைத்தியம் பயிலும் நம் நண்பர்கள் அறிவர். டிஸம்பர் மாதத்தில் அக்குழந்தை நல்ல சுகத்துடனிருந்தது.

இவ்வாராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து 1839-இல் கல்கத்தா அறிஞர் சபைக்கு அளித்தார். அதே நூலில், கஞ்சாவை ஓயாது உட்கொள்வோருக்கு நேரும் சித்தப்பிரமையைத் தனியே விவரித்து எச்சரித்தும் இருக்கிறார். சிறிய அளவிலேயே தொடங்கவேண்டும் என்பதும் அவர் வற்புறுத்திய நெறி. ஆகையால், இவர் கஞ்சாவைப் புகழ்ந்தார் என்று எவரேனும் கூறின், அவர் இந்நூலைப் பாதி படித்தவரே ஆவர்.

சில ஆண்டுகளில் அவர் விடுமுறையில் இங்கிலாந்து சென்றபோது கஞ்சாவை உடன்கொண்டு போனார். பீட்டர் ஸ்குயர் என்னும் இலண்டன் மருந்து வணிகர் அதனின்று சத்தெடுத்து விற்கலானார். 1843-இல் ஓஷானஸி இராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வைத்தியர் பலர் இம்மருந்தை வலிக்கும் இசிவுக்கும் வழங்கினர். வங்காளத்து மருந்துகளைப்பற்றிய பெருநூலொன்றையும், 1844-இல் வங்காள மருந்துக் கோவையையும் அவர் வெளியிட்டார்.

அம்மருந்து ஏன் நிலைக்கவில்லை? அளவே அதற்குக் காரணம். விளைந்த நிலம், பறித்த பருவம், பெட்டியிற் கிடந்த காலம் இவற்றிற்கேற்பப் பிசினின் வன்மை மாறும். ஒரு புட்டியிற் பத்துத் துளி பயனற்றுப்போக, மற்றொன்றிற் பத்துத் துளி மயக்கத்தில் ஆழ்த்தும். பிசினில் இயங்கும் பொருள் யாதென அன்று எவருக்கும் தெரியாது. இதற்கிடையில் தோலின்கீழ் மருந்தேற்றும் ஊசி வந்தது. நீரிற் கரையும் மார்பீன் உப்பு அதற்கு இசைந்தது. நீரிற் கரையாத கஞ்சாச் சத்து பின்தங்கிற்று. பிரிட்டிஷ் மருந்துக் கோவையினின்று 1932-இலும், அமெரிக்க மருந்துக் கோவையினின்று 1942-இலும் அது நீக்கப்பட்டது.

ஓஷானஸியின் வாழ்வு வைத்தியத்தோடு நிற்கவில்லை. 1839-இலேயே அவர் கல்கத்தாவின் அருகே மூங்கிற் கழிகளில் இருபது மைலுக்கு மேல் கம்பி கட்டி, மின்சாரத்தாற் செய்தி அனுப்பிக் காட்டினார். அன்று அதனைப் பெரிதாக மதித்தார் இலர். கவர்னர் ஜெனரலாகிய டல்ஹௌஸி பிரபு காலத்தில் அவருக்குத் தருணம் வாய்த்தது. 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி ஓடிற்று. அவ்வேலையில் நாணயச்சாலையைச் சேர்ந்த சிவசந்திர நந்தி என்னும் வங்காளியை அவர் பழக்கித் துணைக்கொண்டார். கல்கத்தாவினின்று ஆக்ராவரை எண்ணூறு மைல் தந்தி 1854 மார்ச்சு மாதத்தில் முற்றுப்பெற்றது. சென்னையும் பம்பாயும் தொடுக்கப்பட்டு, 1855-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பொதுஜனங்களுக்குத் தந்தி திறந்துவிடப்பட்டது. 1856-இல் அவருக்கு ஸர் பட்டம் கிடைத்தது. பின்னர்த் தேக அசௌக்கியத்தால் சீமைக்குத் திரும்பி, 1861-இல் வில்லியம் ஓஷானஸி புரூக் என்று தம் பெயரை மாற்றிக்கொண்டு, ஆரவாரமின்றி வாழ்ந்து, 1889-ஆம் ஆண்டு ஜனவரியில் சவுத்ஸீ என்னும் ஊரில் காலமானார்.

அவர் மறைந்தபின் நிகழ்ந்தவற்றையும் கூறாவிடின் இச்சரிதம் நிறைவுறாது. கஞ்சாவின் மயக்கும் பொருளை 1964-இல் இஸ்ரேல் நாட்டு அறிஞரான காவோனியும் மெகூலமும் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டனர். அதனால், ஓஷானஸிக்குக் கைவராத அளவு பின்வந்தோருக்குக் கைவந்தது. சாராயத்திற் கரைத்த கஞ்சாச் சத்தை வாயில் தெளிக்கும் மருந்தொன்று, நரம்புநோயால் அங்கம் விறைப்போருக்கென 2010-இல் பிரிட்டனில் அனுமதிக்கப்பட்டது. அப்பூண்டில் மயக்கந் தராத மற்றொரு பொருளாகிய கன்னாபிடையோல், சிறுவரைத் தாக்கும் கொடிய வலிப்புக்கள் இரண்டிற்கு மருந்தாக 2018-இல் அமெரிக்காவில் ஒப்புக்கொள்ளப்பட்டது. விறைப்பு, குழந்தை வலிப்பு ஆகிய இவ்விரண்டும் அன்று கல்கத்தாவில் ஓஷானஸி கண்டெழுதியவையே. ஜலபயத்தையோ விஷபேதியையோ கஞ்சா தீர்க்கவில்லை என்பதும் அதுபோலவே உண்மை. அவர் எழுதியவற்றுள் நிலைத்ததையும் நிலையாததையும் காலம் பிரித்துக் காட்டிற்று. அவ்வாறு பிரிப்பதற்கு ஏற்றவாறு உள்ளதை உள்ளபடி எழுதிவைத்ததே அவர் பெருமை.

மாணவ நண்பர்காள்! ஒரு பொருளை மருந்தாக்குவதும் நஞ்சாக்குவதும் அளவும் நோக்குமேயாம். களியாட்டிற்காகக் கஞ்சாவைத் தொடுவோருக்கு இவர் சரிதத்தில் யாதொரு சாக்குமில்லை. நம் நாட்டுச் சட்டமும் 1985 முதல் வைத்தியத்திற்கும் ஆராய்ச்சிக்குமன்றி அதனை விலக்கியுள்ளது. நாம் இவரிடம் கற்கவேண்டியது வேறு. இகழப்பட்டதாயினும் ஆராயாது தள்ளாமை, அறிந்தோரை வினவ நாணாமை, தோல்வியை மறையாமை, ஒரு துளியிலிருந்து தொடங்கும் பொறுமை ஆகிய இந்நான்கும் வைத்தியனுக்கு மாத்திரமன்றிக் கல்வியை நாடும் அனைவருக்கும் உரியன.